சோளத்தை வேகவைக்கத் தெரிந்தவர்கள்

கோதுமையின் காட்டு மூதாதை எது என்று கேட்டால், துருக்கி, சிரியா மலைச்சரிவுகளில் இன்றும் வளரும் புல்லைப் பிடுங்கிக் காட்டிவிடுவார்கள் தாவரவியலாளர்கள். பார்த்தவுடனே சாடை தெரியும். மக்காச்சோளம் மட்டும் நெடுங்காலம் பெற்றோர் தெரியாத பிள்ளையாகவே இருந்தது. தக்கையில் நூற்றுக்கணக்கான மணிகள் இறுக ஒட்டியிருக்க, மேலே அடுக்கடுக்காகத் தோகை மூடிய அப்படி ஒரு கதிர் காட்டில் எங்குமே கிடைக்கவில்லை. கிடைக்கவும் வாய்ப்பில்லை. முற்றிய கதிர் தரையில் விழுந்தால் மணிகள் தாமாக உதிர்வதில்லை. அத்தனையும் ஒரே குழியில் முளைத்து, ஒன்றையொன்று நெருக்கிச் செத்துப்போகும். மனிதக் கை தோகையை உரித்து, மணியை உதிர்த்து, இடைவெளி விட்டு ஊன்றினால்தான் அதற்கு அடுத்த தலைமுறை.

மெக்சிகோவில் தியோசின்டே என்றொரு புல் வளர்கிறது. ஒற்றைத் தண்டாக நிமிர்ந்து நிற்காமல் புதராகக் கிளை பிரியும். கதிர் என்று சொல்லத்தக்கது சுண்டுவிரல் நீளம்தான். அதில் இரண்டு வரிசையாக ஐந்து முதல் பன்னிரண்டு மணிகள். ஒவ்வொரு மணியும் பல்லுக்கு அசையாத ஓட்டுக்குள் அடைந்து கிடக்கும். பழுத்த அன்றே உதிர்ந்துவிடும். இதுதான் மக்காச்சோளத்தின் மூதாதை என்று 1939-இல் எழுதினார் ஜார்ஜ் பீடில். நெப்ராஸ்கா மாநிலத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். இரண்டையும் இனக்கலப்பு செய்தால் மலடில்லாத செடிகள் வருகின்றன, இரண்டின் குரோமோசோம்களும் ஒழுங்காக இணைகின்றன என்பது அவர் வாதம். தியோசின்டேவைச் சூடான சட்டியில் போட்டால் அந்தக் கல் ஓடு வெடித்துப் பாப்கார்னாகப் பொரியும் என்பதையும் அவர் செய்து காட்டினார். ஹார்வர்டின் பால் மங்கல்ஸ்டார்ஃப் இதை ஏற்கவில்லை. அழிந்துபோன காட்டு மக்காச்சோளம் ஒன்று இருந்திருக்க வேண்டும், தியோசின்டே பின்னால் தோன்றிய கலப்பு என்றார். சில பத்தாண்டுகள் அவர் பேச்சே எடுபட்டது.

பீடில் இதற்கிடையே ரொட்டிப் பூஞ்சையின் மரபணுக்களை ஆராயப் போய், 1958-இல் நோபல் பரிசு பெற்று, சிகாகோ பல்கலைக்கழகத் தலைவராகவும் இருந்து ஓய்வு பெற்றார். வேறு யாராக இருந்தாலும் அத்தோடு விட்டிருப்பார்கள். இவர் பழைய வழக்கை மறுபடி கையில் எடுத்தார். மக்காச்சோளத்தையும் தியோசின்டேவையும் கலந்து, அந்தக் கலப்பின் பேரப்பிள்ளைச் செடிகளாக 50,000 செடிகளை மெக்சிகோவில் வளர்த்து எண்ணினார். ஏறத்தாழ 500 செடிக்கு ஒன்று அசல் மக்காச்சோளமாகவோ அசல் தியோசின்டேவாகவோ வந்தது. இரண்டுக்கும் நடுவே நான்கு பெரிய மரபணுக்கள் மாறியிருந்தால் 256-க்கு ஒன்று வர வேண்டும். ஐந்து மாறியிருந்தால் 1,024-க்கு ஒன்று. எண்ணிக்கை இந்த இரண்டுக்கும் நடுவில் விழுந்தது. கல் ஓட்டுப் புல்லுக்கும் மக்காச்சோளத்துக்கும் இடையிலான பெரிய வித்தியாசங்கள் நான்கைந்து மரபணுக்களில் அடங்கிவிடும் என்பது அதன் பொருள்.

டி.என்.ஏ. ஆய்வு வந்தபின் பீடில் பக்கமே தீர்ப்பாயிற்று. ஜான் டோப்ளி குழுவினர் 2002-இல் வெளியிட்ட ஆய்வு, உலகின் மக்காச்சோளம் முழுவதையும் தெற்கு மெக்சிகோவின் பால்சாஸ் ஆற்றுப் படுகைக்கும், சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன்புக்கும் கொண்டுபோய் நிறுத்தியது. ஓட்டைக் கழற்றியது ஒரு மரபணுவில் நேர்ந்த ஒரே ஓர் அமினோ அமில மாற்றம். புதரை ஒற்றைத் தண்டாக்கியது இன்னொரு மரபணு. அதை முடுக்கிவிட்ட டி.என்.ஏ. துண்டு உழவு பிறப்பதற்கு முன்பே காட்டுச் செடிகள் சிலவற்றில் இருந்திருக்கிறது. மெசோஅமெரிக்காவின் மக்கள், அதாவது நடு மெக்சிகோ தொடங்கி குவாத்தமாலா, பெலீஸ், எல் சால்வடோர் வரை பரவிய நிலத்தின் பழங்குடிகள், அந்த மாற்றங்களை உண்டாக்கவில்லை, கண்டுபிடித்துக் காப்பாற்றினார்கள். பழமரம், கிழங்கு, பூசணி என்று எத்தனையோ உணவு கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, இந்த வறட்டுப் புல்லில் என்ன கண்டார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

பால்சாஸ் பள்ளத்தாக்கில் ஷிவாடோஷ்ட்லா என்ற பாறை ஒதுக்கிடத்தில் கிடைத்த அரைகற்களின் நுண்குழிகளில் மக்காச்சோள மாவுத் துகள்கள் ஒட்டியிருந்தன. வயது 8,700 ஆண்டு. ஓஹாகா பகுதியின் கிலா நாகிட்ஸ் குகையில் கிடைத்த தக்கைகளின் வயது சுமார் 6,250. மணி தானாக உதிராத தக்கைகள் அவை. ஆனால் இந்தத் தொடக்கத்துக்கும் மக்காச்சோளம் அன்றாடச் சாப்பாடாக மாறியதற்கும் நடுவே இருக்கும் இடைவெளிதான் கதையிலேயே சுவாரசியமான பகுதி. பெலீஸ் நாட்டுக் காட்டுக்குள் இரண்டு பாறை ஒதுக்கிடங்களில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பிணங்களைப் புதைத்திருக்கிறார்கள். அந்த எலும்புகளை ஆராய்ந்த முடிவுகள் 2020-இல் வெளியாயின. மக்காச்சோளம் ஒளிச்சேர்க்கை செய்யும் விதம் காட்டு மரங்களின் விதத்திலிருந்து வேறானது. அதனால் கார்பன்-13 என்ற கனமான கார்பன் அதில் கூடுதலாகச் சேரும். அதைத் தின்றவர் எலும்பிலும் அந்தக் கணக்கு ஏறும். 4,700 ஆண்டுகளுக்கு முன்பு வரை வாழ்ந்தவர்கள் எலும்பில் மக்காச்சோளத்தின் தடம் இல்லை என்றே சொல்லலாம். அடுத்த 700 ஆண்டுகளில் அது உணவில் மூன்றில் ஒரு பங்கை நெருங்குகிறது. 4,000 ஆண்டுகளுக்கு முன்பு முதல் 70 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது.

ஆக, விதைக்கத் தொடங்கியதற்கும் வயிறு நிறையத் தின்றதற்கும் இடையே நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேல். ‘விவசாயப் புரட்சி’ என்று பாடப்புத்தகத்தில் படித்தோமே, அந்தச் சொல் இங்கே பொருந்தவில்லை. இத்தனை காலமும் கதிர் மெல்ல மெல்லப் பருத்துக்கொண்டிருந்தது. நடு மெக்சிகோவின் மலைப்பகுதிக்கு ஏறிய மக்காச்சோளம் அங்கிருந்த இன்னொரு வகைத் தியோசின்டேவுடன் கலந்ததும் இந்த இடைவெளியில்தான், சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன்பு. இன்று நாம் பார்க்கும் மக்காச்சோளத்தின் மரபில் ஐந்தில் ஒரு பங்கு அந்த மலைப்புல்லின் சொத்து என்று 2023-இல் தெரியவந்தது.

உணவு உறுதியானதும் மற்றவை விரைவாக நடந்தன. மெக்சிகோ வளைகுடாக் கரையில் ஓல்மெக் மக்கள் கி.மு. 1200 வாக்கில் சான் லோரென்ஸோவில் ஊர் அமைத்து, தொலைவிலுள்ள டுக்ஸ்ட்லா மலையிலிருந்து எரிமலைப் பாறைகளை இழுத்துவந்து ஆள் உயரத்துக்கு மேற்பட்ட தலைகளாகச் செதுக்கினார்கள். இதுவரை 17 தலைகள் கிடைத்திருக்கின்றன. அவர்களுக்கும் முன்பே, கி.மு. 1600 வாக்கில், ஒரு மரத்தின் பாலை ஒரு கொடியின் சாற்றோடு கலந்து துள்ளும் ரப்பர் பந்து செய்தவர்கள் அந்தக் கரையோர மக்கள். பின்னர் ஓஹாகாவில் ஸபோடெக்குகளின் மொன்டே அல்பான், குவாத்தமாலா காடுகளில் மாயா நகரங்கள், இன்றைய மெக்சிகோ நகரத்துக்கு வடகிழக்கே லட்சம் பேர் வாழ்ந்த தியோதிவாகன். மாயா எழுத்து, பூஜ்யம், நாட்காட்டி பற்றியெல்லாம் தமிழில் போதிய அளவு எழுதிவிட்டார்கள். 2012-இல் உலகம் அழியும் என்ற புரளியின் உபயம். இவை அனைத்தும் பாரம் இழுக்கும் மாடு இல்லாமல், இரும்பு இல்லாமல் நடந்தன என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வோம். வீட்டு விலங்கு என்றால் நாயும் வான்கோழியும்தான். பால் கிடையாது.

இங்கேதான் ஒரு மருத்துவப் புதிர் எழுகிறது. உணவில் முக்கால் பங்கு மக்காச்சோளம், இறைச்சி அரிது, பால் இல்லை. இப்படிச் சாப்பிட்டவர்கள் உலகின் வேறு பகுதிகளில் தோல் வெடித்து, வயிறு கெட்டு, புத்தி பேதலித்துச் செத்திருக்கிறார்கள். மெசோஅமெரிக்காவில் அந்த நோய் ஒரு பிரச்சினையாகவே இருந்ததில்லை. விடை அவர்களின் அடுப்படியில் இருந்தது.

அடுப்படி என்று வெறுமனே சொல்லவில்லை. எல் சால்வடோரில் ஹோயா தெ செரென் என்ற இடத்தில் 1,400 ஆண்டுகளுக்கு முந்தைய சமையலறைக்குள் நாம் எட்டிப் பார்க்க முடியும். 1976-இல் அரசாங்கம் தானியக் கிடங்கு கட்டுவதற்காக நிலத்தைச் சமன் செய்தபோது, புல்டோசரின் தகடு ஒரு மண் சுவரில் பட்டது. கி.பி. 600-க்கும் 660-க்கும் இடையில் எப்போதோ, அரைக் கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில் லோமா கால்தேரா என்ற எரிமலை வெடித்து, ஐந்து மீட்டர் வரை சாம்பலைக் கொட்டி அந்தச் சிற்றூரை மூடியிருந்தது. பிணம் எதுவும் கிடைக்கவில்லை. ஊரார் ஓடித் தப்பியிருக்க வேண்டும். சாமான்களை எடுக்க மட்டும் நேரம் இருக்கவில்லை. மரக்கவைகளின் மீது நிறுத்திய அரைகற்கள் நின்ற இடத்தில் நிற்கின்றன. பீன்ஸ் நிறைந்த பானைகள் இருக்கின்றன. கழுவாத உணவுக் கிண்ணங்களின் அடியில், கடைசிக் கவளத்தை வழித்த விரல்களின் கோடுகள் அப்படியே இருக்கின்றன. படுக்கும் பாய்கள் இன்னும் விரிக்கப்படவில்லை. மாலைச் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவுவதற்கு முன் எரிமலை வெடித்தது என்று அகழாய்வாளர் பேசன் ஷீட்ஸ் கணித்தது இவற்றை வைத்துத்தான்.

வயலையும் படிக்க முடிகிறது. சாம்பலுக்குள் செடி மக்கிப்போய், அதன் வடிவத்தில் வெற்றிடம் மிஞ்சியது. பல் மருத்துவர்கள் அச்செடுக்கப் பயன்படுத்தும் சாந்தை அதில் ஊற்றி இறுக விட்டுத் தோண்டினால் மக்காச்சோளத் தட்டை கணுவோடு எழுந்து வருகிறது. பார் பிடித்து ஊன்றியிருக்கிறார்கள். முற்றிய செடிகளின் தட்டைகளைக் கதிருக்குக் கீழே மடித்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். மழைநீர் கதிருக்குள் இறங்காமல் வயலிலேயே காயட்டும் என்று மத்திய அமெரிக்க விவசாயிகள் இன்றும் அப்படித்தான் செய்கிறார்கள். அந்த வேலை நடக்கும் பருவத்தைக் கொண்டு எரிமலை வெடித்தது ஆகஸ்ட் வாக்கில் என்கிறார்கள்.

இனி அந்தச் சமையல். காய்ந்த மணிகளைப் பானையில் போட்டு, தண்ணீர் ஊற்றி, நீற்றிய சுண்ணாம்பைக் கலக்குவார்கள். மணியின் எடையில் நூற்றுக்கு ஒரு பங்கு இருந்தால் போதும். சுண்ணாம்புக்கல் கிடைக்காத ஊரில் கிளிஞ்சலைச் சுடுவார்கள், அல்லது விறகுச் சாம்பல். கொதி வந்ததும் மணி பளிச்சென்ற மஞ்சளாகும். ஒரு மணியை எடுத்து இரு விரலுக்கு நடுவே தேய்த்தால் தோல் வழுக்கிக்கொண்டு கழன்று வர வேண்டும். அதுதான் பதம். உடனே அடுப்பிலிருந்து இறக்கி இரவு முழுக்க அதே தண்ணீரில் ஊற விடுவார்கள். விடியற்காலையில் அந்தக் கலங்கிய மஞ்சள் தண்ணீரைக் கொட்டிவிட்டு, தோல் போகத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார்கள். இப்படிப் பக்குவப்பட்ட மணிக்கு நிஷ்டமால் என்று பெயர். பிறகு மெத்தாத்தே. நம் அம்மியைச் சற்றுச் சரித்து மூன்று கால் வைத்த மாதிரியான கல். முழங்காலிட்டு, குழவியை இரு கையாலும் முன்னும் பின்னும் தள்ள வேண்டும். அரைபட்ட மாவைத் தட்டி மண் ஓட்டில் சுட்டால் டோர்ட்டியா. தோகையில் பொதிந்து ஆவியில் வேகவைத்தால் தமால். கரைத்துக் காய்ச்சினால் அதோலே என்ற கஞ்சி.

சுண்ணாம்பு என்ன செய்கிறது? மணியின் தோலைத் தாங்கிப் பிடிக்கும் ஹெமிசெல்லுலோஸைக் காரம் கரைக்கிறது. அதனால் தோல் கழல்கிறது. கால்சியம் மாவுச்சத்தோடு பிணைந்து மாவுக்குப் பசைத்தன்மை தருகிறது. மக்காச்சோளத்தில் கோதுமையின் குளூட்டன் கிடையாது. வெறும் சோளமாவைப் பிசைந்து மெல்லியதாகத் தட்டினால் பிளக்கும், நிஷ்டமால் மாவு விரியும். சோளத்தில் பூஞ்சை உண்டாக்கும் நச்சுகள் கணிசமாகக் குறைகின்றன. கால்சியம் பல மடங்கு ஏறுகிறது. பால் அறியாத மக்களின் எலும்புக்கு அது எங்கிருந்து வந்தது என்பதற்கு விடை இதுதான். எல்லாவற்றுக்கும் மேலாக நியாசின். இந்த வைட்டமின் மக்காச்சோளத்தில் இல்லாமல் இல்லை. மாவுப்பொருளோடு பிணைந்து கிடப்பதால் நம் குடல் அதைப் பிரித்தெடுக்க முடியாது, சாப்பிட்டும் சாப்பிடாத கணக்கு. சுண்ணாம்புத் தண்ணீரின் காரம் அந்தப் பிணைப்பை அறுத்துவிடுகிறது. நியாசினை நம் உடல் டிரிப்டோபன் என்ற அமினோ அமிலத்திலிருந்தும் செய்துகொள்ளும். மக்காச்சோளப் புரதத்தில் அதுவும் லைசீனும் குறைவு. அந்தக் குறையை மக்காச்சோளத் தட்டையிலேயே கொடியேறும் பீன்ஸ் நிரப்பியது. கீழே பூசணி படர்ந்து களையை அடக்கும். மூன்றையும் ஒரே நிலத்தில் போடும் இந்த ஊடுபயிர் முறையின் பெயர் மில்பா.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதற்கு ஒரு நல்ல யூகம் உண்டு. சட்டி அடுப்பில் ஏறுவதற்கு முந்தைய காலத்தில், கற்களை நெருப்பில் காய்ச்சித் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைக்கும் வழக்கம் பல இடங்களில் இருந்தது. அந்தக் கல் சுண்ணாம்புக்கல்லாக இருந்தால், அதில் வெந்த சோளம் தானாகவே தோல் கழலும்; சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். தோல் எளிதாகப் போகிறது, மாவு ஒட்டுகிறது, ரொட்டி மணக்கிறது: இவ்வளவுதான் சமைத்த பெண்களுக்குத் தெரிந்திருக்கும். இவ்வளவு தெரிந்ததே ஒரு கண்டத்தின் பாதியைக் காப்பாற்றப் போதுமானதாக இருந்தது. அறிவியல் என்றால் காரணம் தெரிந்த பின்புதான் தொடங்கும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அளவு, நேரம், பதம் பார்க்கும் சோதனை, வந்த பலனைத் தலைமுறைக்குக் கைமாற்றும் முறை எல்லாம் இதில் இருக்கின்றன.

அதே சுண்ணாம்புதான் கோயில்களுக்கும் போனது. தியோதிவாகனின் பிரமிடுகளும் குடியிருப்புகளும் சுவர் தரையெல்லாம் வெண்சுதை பூசியவை. ஊருக்கு அருகே சுண்ணாம்புக்கல் இல்லை. சுமார் 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தூலா பகுதியிலிருந்து அது வந்தது என்று சுதையின் கலவையை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். வண்டி கிடையாது, எல்லாம் மனித முதுகில். மாயா மக்களுக்குச் சுண்ணாம்புக்கல் காலடியிலேயே இருந்தது, ஆனால் அதைச் சுட விறகு வேண்டும். எல் மிராடோர் என்ற பெருநகரம் கி.பி. 150 வாக்கில் கைவிடப்பட்டதற்கு, சுதைக்காகக் காட்டை எரித்ததும் அதனால் மண் அரித்ததும் ஒரு காரணம் என்று வாதிடுகிறார் அகழாய்வாளர் ரிச்சர்ட் ஹான்சன். குவாத்தமாலாவில் சான் பார்த்தோலோ என்ற இடத்தில் 2001-இல் வெளிப்பட்ட சுவரோவியங்கள், ஏறத்தாழ கி.மு. 100-ஐச் சேர்ந்தவை, சோளக் கடவுளின் கதையைச் சொல்கின்றன. அவையும் சுண்ணாம்புச் சுதை மீது தீட்டியவை. போபோல் வூ என்ற கிச்சே மாயா நூலில் கடவுளர் முதலில் மண்ணாலும் பிறகு மரத்தாலும் மனிதரைச் செய்து பார்த்துத் தோற்று, கடைசியில் அரைத்த மஞ்சள் சோளத்தாலும் வெள்ளைச் சோளத்தாலும் செய்து வெற்றி பெறுகிறார்கள். பெலீஸ் எலும்புகளில் கார்பன் கணக்கைப் பார்த்தவர்களுக்கு இது வெறும் புராணமாகத் தோன்றாது.

அரைப்பது பெண்கள் வேலை. ஒரு குடும்பத்துக்கு மாவு அரைக்க நாளில் ஐந்தாறு மணி நேரம் முழங்காலில் நிற்க வேண்டியிருந்தது. 1540-களில், ஸ்பானியர் ஆட்சி வந்தபின், அஸ்டெக் ஓவியர்களைக் கொண்டு வரையப்பட்ட மெண்டோஸா ஏட்டில் பிள்ளை வளர்ப்பைப் பற்றிய பக்கங்கள் உண்டு. ஒவ்வொரு வயதுப் பிள்ளைக்கும் மேலே அதற்குரிய டோர்ட்டியா வரையப்பட்டிருக்கிறது: மூன்று வயதில் பாதி, நான்கில் ஒன்று, பிறகு ஒன்றரை, பதின்மூன்றில் இரண்டு. அந்தப் பதின்மூன்று வயதுப் பெண் மெத்தாத்தே முன் முழங்காலிட்டு அரைத்துக்கொண்டிருக்கிறாள். பிரான்சிஸ்கன் துறவி சாகுன் அதே நூற்றாண்டில் நாவாட்ல் மொழி பேசுவோரிடம் கேட்டு எழுதிவைத்தவற்றில், சோளத்தைப் பானையில் போடுமுன் பெண்கள் அதன் மீது வாயால் ஊதுவார்கள் என்றொரு குறிப்பு வருகிறது. சூட்டைக் கண்டு அது பயப்படக் கூடாதாம். கீழே சிந்திய சோளத்தைக் கண்டும் பொறுக்காமல் போனால் அது கடவுளிடம் புகார் சொல்லும் என்றும் நம்பினார்கள்.

1325-இல் அஸ்டெக்குகள் ஏரித் தீவில் நிறுவிய தெனோச்தித்லான், இருநூறே ஆண்டுகளில் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நகரமாயிற்று. அவ்வளவு பேருக்குச் சோறு போட்டதில் பெரும்பங்கு சினாம்பா என்ற மேட்டுப்பாத்திகளுக்கு உண்டு. ஆழமில்லாத ஏரியில் சேற்றையும் நீர்ச்செடிகளையும் அடுக்கி உயர்த்தி, கரை சரியாமலிருக்க ஓரங்களில் மரம் நட்டு, நடுவே வாய்க்கால் விடுவார்கள். வாய்க்காலின் சேறே உரம். சுற்றிலும் நீர் இருப்பதால் மலைநாட்டு உறைபனியும் குறையும். ஏரியின் கிழக்குப் பகுதி உப்புநீர். அது பாத்திகளில் ஏறாமல் தடுக்க 15-ஆம் நூற்றாண்டின் நடுவில், டெஸ்கோகோ மன்னர் நெஸவால்கோயோட்ல் காலத்தில், சுமார் 16 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓர் அணை எழுந்தது. நகரத்துக்கு வெளியிலிருந்து சோளம் திறையாகவும் வந்து குவிந்தது.

1519-இல் ஸ்பானியத் தளபதி கோர்ட்டெஸ் வந்து இறங்கினார். 1520-இல் பெரியம்மை. 1521 ஆகஸ்ட் 13 அன்று தெனோச்தித்லான் வீழ்ந்தது. மக்காச்சோள விதை அதற்கு முன்பே, கரீபியத் தீவுகளிலிருந்து கொலம்பஸின் கப்பல்களில் ஸ்பெயினுக்குப் போய்விட்டது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் இத்தாலி, ஆப்பிரிக்கா, சீனா என்று பரவியது. கொடுத்த விதைக்குப் பல மடங்கு திருப்பித் தரும், ஏழை நிலத்திலும் வரும் பயிரை எவர் வேண்டாம் என்பார்? விதை போன கப்பலில் சமையல் போகவில்லை. ஐரோப்பாவில் நீராலும் காற்றாலும் ஓடும் மாவு ஆலைகள் இருந்தன. காய்ந்த மணியை அப்படியே போட்டால் மாவாகிவிடும். தோலைக் கழற்றச் சுண்ணாம்பு எதற்கு? மெத்தாத்தே முன் முழங்காலிட்டிருந்த பெண்ணிடம் யாரும் கேட்கவில்லை, கேட்கத் தோன்றவும் இல்லை.

1735-இல் ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் மருத்துவர் காஸ்பார் கசால், மக்காச்சோளத்தையே உண்டு வாழ்ந்த குடியானவர்களிடம் ஒரு புது நோயைக் கண்டார். வெயில் படும் தோல் சிவந்து தடித்து உரிந்தது. கழுத்தைச் சுற்றி மாலை போட்டாற்போல் தழும்பு. 1771-இல் இத்தாலியில் இதற்குப் பெலக்ரா என்று பெயர் விழுந்தது. பொலென்தா என்ற சோளக்களியே மூன்று வேளையும் உண்ட வட இத்தாலிய ஏழைகளை அது தலைமுறை தலைமுறையாக வாட்டியது. கெட்டுப்போன சோளத்தின் விஷம் என்றார் இத்தாலிய மருத்துவர் லொம்ப்ரோஸோ. தொற்றுநோய் என்றனர் வேறு சிலர். 1906-க்குப் பின் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அது வெடித்தபோது, அடுத்த மூன்றரைப் பத்தாண்டுகளில் ஏறத்தாழ 30 லட்சம் பேருக்கு நோய், ஒரு லட்சம் பேர் சாவு. பருத்திக் கூலிகளின் தட்டில் சோளமாவு, வெல்லப்பாகு, பன்றிக் கொழுப்பு; அவ்வளவுதான். புதிய ஆலைகள் கெடாமலிருக்க வேண்டும் என்று மணியின் கருவையும் நீக்கிவிட்டதில், இருந்த கொஞ்சநஞ்சச் சத்தும் போனது.

1914-இல் அரசு மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கரை இதற்கென அனுப்பினார்கள். மனநல விடுதிகளில் நோயாளிகளுக்கு வருகிறது, பணியாளர்களுக்கு வருவதில்லை என்பதைக் கவனித்தவர், இது தொற்றில்லை, சாப்பாடு என்று முடிவு கட்டினார். மிசிசிப்பி சிறைப்பண்ணையில் விடுதலை தருவதாகச் சொல்லிக் கைதிகளுக்குச் சோளமும் மாவுமாகவே கொடுத்துப் பார்த்தார்; ஆறு பேருக்கு நோய் வந்தது. இன்று எந்த நெறிக்குழுவும் இதை அனுமதிக்காது. தொற்று என்று அடம்பிடித்தவர்களுக்குப் பதில் சொல்ல, நோயாளிகளின் இரத்தத்தைத் தமக்கும் மனைவிக்கும் நண்பர்களுக்கும் ஊசியில் ஏற்றி, தோல் செதிலையும் மலத்தையும் மாவில் உருட்டி விழுங்கிக் காட்டினார். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. எந்தச் சத்து குறைகிறது என்று தெரியாமலே 1929-இல் அவர் இறந்தார். 1937-இல் கான்ராட் எல்வேயம் அதை நியாசின் என்று கண்டார். 1951-இல் மெக்சிகோவைச் சேர்ந்த ஹொசே லகூனாவும் கென்னத் கார்ப்பென்டரும் எலிகளுக்குப் பச்சைச் சோளத்தையும் சுண்ணாம்பில் வெந்த சோளத்தையும் தனித்தனியே கொடுத்து வளர்த்தார்கள். வெந்ததைத் தின்ற எலிகளே நன்றாக வளர்ந்தன. தக்காணத்தில், மக்காச்சோளத்தை அல்ல, நம் நாட்டுச் சோளத்தை மட்டுமே உண்ட ஏழைகளிடமும் பெலக்ரா இருந்தது. அது வேறு தானியம். அங்கே லூசின் என்ற அமினோ அமிலம் மிகுவதுதான் காரணமாக இருக்கலாம் என்று சி. கோபாலனும் எஸ்.ஜி. ஸ்ரீகாந்தியாவும் 1960-இல் எழுதினார்கள்.

மெசோஅமெரிக்கர்களின் விதைச் சேமிப்பில் இன்னும் என்னென்ன இருக்கின்றன என்ற தேடல் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஓஹாகாவின் மிஹே மலைப்பகுதியில் தொதொந்தெபெக் ஊரார் பயிரிடும் ஒரு மக்காச்சோளம் இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் வளரும். தட்டையின் கணுக்களிலிருந்து தொங்கும் தடித்த வேர்களில் மழைக்காலத்தில் கொழகொழவென்று ஒரு பசை வழியும். அந்தப் பசைக்குள் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குத் தருகின்றன. செடிக்கு வேண்டிய நைட்ரஜனில் 29 முதல் 82 சதவீதம் வரை இப்படிக் கிடைப்பதாக 2018-இல் ஓர் ஆய்வு காட்டியது. யூரியா போடாமல் விளையும் சோளம் என்றால் விதை நிறுவனங்கள் சும்மா இருக்குமா? இம்முறை நகோயா நெறிமுறை என்ற பன்னாட்டு உடன்படிக்கையின் கீழ், வரும் லாபத்தில் ஊருக்குப் பங்கு தருவதாக ஓர் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். பங்கு எவ்வளவு என்பதை வெளியிடவில்லை என்றும், அந்தச் சோளத்தை விளைவிக்கும் மற்ற ஊர்களைக் கேட்கவில்லை என்றும் விமர்சனங்கள் எழுந்தன.